லித்தியத்துக்கு எட்டு

மே 27, 2025, செவ்வாய்

பட்டரவாக்கத்தில் இறங்கியதும் ஷேர் ஆட்டோ கிடைக்காமல் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குள் நடந்தே போனேன். பத்து நிமிடத் தாமதம். யாரும் கேட்கவில்லை, கணினி மட்டும் குறித்துக்கொண்டது.

புதுத் தொகுதி. அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல். தலைப்பு: அயனியின் மின்சுமையைக் கணித்தல். ஒன்பது வருடத்துக்கு முன் நான் இங்கே சேர்ந்தபோது கேள்வியை நாங்கள் எழுதினோம். இப்போது கணினி எழுதுகிறது, விளக்கமும் அதுவே. நாங்கள் படித்துப் பார்த்து 'சரி' அல்லது 'தவறு' என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோம். ஒரு நாளைக்கு இருநூறு. எம்.எஸ்ஸி. வேதியியலுக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

விதி எளியதுதான். வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் அணுவுக்கு நிம்மதி. சோடியத்துக்கு வெளிக்கூட்டில் ஒன்று. ஏழு வாங்குவதைவிட அந்த ஒன்றை விட்டுவிடுவது சுலபம். விட்டால் அதற்குள்ளே இருக்கும் எட்டு வெளியே தெரியும். மின்சுமை ஒரு பிளஸ். ஆக்ஸிஜனுக்கு ஆறு, இரண்டு வாங்கும், இரண்டு மைனஸ். எண்ம விதி. இதையே ஆயிரம் விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

பக்கத்து இருக்கை ஷோபனா சோடியத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏழு பேரை ஊட்டுக்குக் கூட்டியாந்து சோறு போட்றதுக்கு, கீற ஒருத்தரை அனுப்பி உட்றது மேல்தானேக்கா? எங்க ஊட்ல அதுகூட நடக்கல."

யாரை அனுப்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாமியார் தாயம்மாவாகத்தான் இருக்கும். ஷோபனாவுக்கு வீடு கோவில்பதாகையில். பி.எஸ்ஸி. முடித்துப் பன்னிரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு இரண்டு வருடம் முன்புதான் இங்கே வந்தாள். நாள் முழுக்கப் பேசுவாள். நான் பேசமாட்டேன். அதனால்தான் ஒத்துப்போகிறது போல.


மே 30, வெள்ளி

வார மதிப்பெண் வந்தது. எனக்கு 98. ஷோபனாவுக்கு 96.

மதிப்பெண் போடும் முறையை எழுதிவைக்கிறேன். பின்னாளில் படித்தால் எனக்கே புரியாது. வாரத்தில் நாங்கள் பார்க்கும் ஆயிரம் கேள்விகளில் ஐம்பது சோதனைக் கேள்விகள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். 'கோல்டு' என்பார்கள். கணினி எழுதியவை அல்ல. பழைய, மனிதர்கள் எழுதிய, மூன்று பேர் சரிபார்த்த கேள்விகள். அவற்றின் விடை முன்பே முடிவானது. எது கோல்டு என்று நமக்குத் தெரியாது. நம் விடை அதிலிருந்து மாறினால் கேள்விக்கு இரண்டு மதிப்பெண் போகும். 97-க்குக் கீழே தொடர்ந்து மூன்று வாரம் இருந்தால் 'ரிலீஸ்'. வேலையிலிருந்து எடுப்பதற்கு இங்கே அந்தப் பெயர்.

"வேலை போச்சுன்னா அவ்ளோதான்க்கா. 'பார்த்தியா, சொன்னேன்ல'ன்னு ஊட்டுக்காரு என்னை ஊட்ல உக்கார வெச்சிடுவாரு" என்றாள் ஷோபனா.

நிதானமாகப் படி என்று சொன்னேன்.


ஜூன் 4, புதன்

வெயில். ஏசி பழுது. அலுமினியம் மூன்று பிளஸ், அலுமினியம் மூன்று பிளஸ், அலுமினியம் மூன்று பிளஸ்.


ஜூன் 6, வெள்ளி

மறுபடியும் அவளுக்கு 96.

சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாக இழுத்துப்போனாள். "அக்கா, ஒண்ணு மட்டும் எனக்கு இடிக்குது. லித்தியம்."

"என்ன லித்தியம்?"

"ஒரு எலக்ட்ரானை உட்டுட்டு ஒரு பிளஸ் ஆவுது, அதால வெளிக்கூட்ல எட்டு கீதுன்னு விளக்கம் போட்டுகீறாங்கோ. லித்தியத்துக்கு மொத்தமே மூணுதான்க்கா! ஒண்ணு போனா ரெண்டு. எட்டுக்கு எங்க போவும்? நான் தப்புன்னு போட்டேன். போன வாரமும் போட்டேன். பெரிலியத்துக்கும் அதே கதை."

கணினி எழுதிய கேள்வியாக இருக்கும், நீ போட்டது சரிதான், ஆனால் அது கோல்டாக இருக்காது என்றேன். கோல்டை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். வேறெங்கோ கவனம் தப்பியிருப்பாய்.

"நான் படிச்சிட்டுதான்க்கா போட்றேன்."

சரி சரி என்றேன். அவள் பேசிக்கொண்டே வேலை பார்ப்பவள். கவனம் சிதறத்தான் செய்யும். அப்படித்தான் நினைத்தேன்.


ஜூன் 13, வெள்ளி

96. மூன்றாவது வாரம்.

பதினொன்றரைக்கு டீம் லீடர் கிஷோர் வந்து நின்றான். முப்பது வயதுகூட இருக்காது, கெட்டவன் இல்லை. ஷோபனாவை நேராகப் பார்க்காமல் அவள் கணினித் திரையைப் பார்த்துப் பேசினான். "ஷோபனாக்கா, சாரி. இது சிஸ்டமே எடுக்கிற டிசிஷன். என் கையில எதுவும் இல்லை."

"இன்னா தம்பி, எந்தக் கேள்வில தப்புன்னாவது சொல்லலாம்ல? தெரிஞ்சிகினு போறேன்."

"அதைச் சொன்னா அப்புறம் அது கோல்டு இல்லையேக்கா."

அவள் சிரித்துவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "இனிமே இந்தப் பக்கம் அமைதியா இருக்கும், நிம்மதியா வேலை பாருங்க" என்றாள். குத்தலா, வேடிக்கையா? தெரியவில்லை. வாசல் வரைக்கும் நான் போயிருக்கலாம். அந்த நேரத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று உட்கார்ந்தே இருந்தேன்.


ஜூன் 14, சனி

ஷோபனாவுக்கு போன் செய்ய நினைத்தேன். செய்யவில்லை.


ஜூன் 17, செவ்வாய்

மூன்றரை மணி வாக்கில் லித்தியம் வந்தது.

அவள் சொன்னது அப்படியே இருந்தது. 'லித்தியத்துக்கு ஒரு வெளிக்கூட்டு எலக்ட்ரான். அதை இழந்து ஒரு பிளஸ் அயனியாகிறது. இப்போது அதன் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் இருப்பதால் நிலையானது.' மின்சுமை சரி, காரணம் தவறு. லித்தியம் எட்டைத் தேடுவதே இல்லை, ஹீலியம்போல இரண்டோடு நின்றுவிடும். பள்ளிப் பாடம்.

அப்போதுதான் உறைத்தது. இதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். போன வாரம் பார்த்தேன், அதற்கு முந்தின வாரமும் பார்த்தேன். 'ஒரு பிளஸ்' என்ற இடத்தில் கண் நின்றது, சரி என்று அழுத்திவிட்டு நகர்ந்தேன். மிச்ச வரியை நான் படிக்கவே இல்லை. அவள் படித்திருக்கிறாள்.

கணினி எழுதிய கேள்வி ஒருமுறைதான் வரும். வாரம் தவறாமல் திரும்பி வருவது கோல்டு மட்டும்தான்.

அப்படியென்றால் — லித்தியத்துக்கு இரண்டு, பெரிலியத்துக்கு இரண்டு. நூறில் நான்கு போனால் 96. மூன்று வாரமும் அதே 96. இந்த இரண்டைத் தவிர அவள் ஒன்றைக்கூடத் தப்பவிடவில்லை. இந்தத் தளத்தில் நூற்றுக்கு நூறு வாங்கவேண்டியவள் அவள் ஒருத்திதான்.

இத்தனையும் புரிந்த பிறகு என்ன செய்தேன்? சொல்லித்தானே ஆகணும், யார் படிக்கப்போறா. 'சரி' அழுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பெரிலியம் வந்தது. அதுக்கும் 'சரி'.


ஜூன் 20, வெள்ளி

98.


ஜூன் 24, செவ்வாய்

நான்கு நாளாக யோசித்துவிட்டு இன்று கிஷோரிடம் போனேன். கோல்டில் இரண்டு தவறு இருக்கிறது என்றேன். அவன் முகம் மாறியது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"மேம், உங்களுக்கு கோல்டு எதுன்னு எப்படித் தெரியும்?"

"திரும்பத் திரும்ப வருதே. எண்ணத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

பட்டியலைத் திறந்தான். லித்தியத்தைத் தேடிப் படித்தான். விரல்விட்டு எண்ணினான். பி.டெக். மெக்கானிக்கல், எண்ணித்தான் ஆகவேண்டும். "ஆமா மேம். தப்புதான். யாரு எழுதினது இதை?" வலப்பக்கம் நகர்த்தினான். எழுதியவர் என்ற இடத்தில் ஓர் ஊழியர் எண். அதை அவன் படித்துக்காட்டத் தேவையிருக்கவில்லை. ஒன்பது வருடமாக என் கழுத்தில் தொங்கும் எண் அது.

2018. ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வாரத்தில் நானூறு கேள்வி வேண்டும் என்றார்கள். சோடியத்துக்கு ஒரு வாக்கியம் எழுதினேன். தனிமத்தின் பெயர் மட்டும் மாறும்படி வைத்து எக்செல்லில் தனிம அட்டவணையின் முதல் தொகுதி முழுக்க இழுத்தேன். லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபிடியம், சீசியம். மெக்னீசியத்துக்கு எழுதியதை இரண்டாம் தொகுதிக்கு இழுத்தேன். கீழே இருக்கும் எல்லோருக்கும் எட்டு பொருந்தும், மேலே இருக்கும் அந்த இருவருக்கு மட்டும் பொருந்தாது. எனக்குத் தெரியாததா? முதல் வரியைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சரிபார்த்த மூன்று பேரும் மின்சுமையைப் பார்த்தார்கள். மின்சுமை சரியாகத்தானே இருக்கிறது.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

கிஷோர் பட்டியலை மூடினான். பிறகு, "இதை மெயில்ல போடாதீங்க மேம்" என்றான்.

போட்டேன்.


ஜூன் 25, புதன்

சாயங்காலம் ஆவடி ஸ்டேஷனிலிருந்து வெள்ளானூர் வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தேவராஜ் இருபத்தாறு வருடமாக எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவர். செய்துவந்த உருப்படியைக் கேஜ் என்னும் அளவுகருவியில் வைத்துப் பார்த்து ஏற்பதும் தள்ளுவதும்தான் வேலை. அதனால் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர் கேஜே தப்புன்ற. அப்ப நல்ல பீஸுதான் ரிஜெக்ட் ஆவும்."

"அப்படி ஆனா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கேஜை மாத்துவோம்."

"ரிஜெக்ட் ஆன பீஸை?"

வேகத்தடை வந்தது. ஏறி இறங்கிய பிறகுதான் பதில் சொன்னார். "அது எப்பவோ ஸ்கிராப்புக்குப் போயிருக்கும், ராணி."


ஜூலை 2, புதன்

மெயிலுக்குப் பதில் வந்துவிட்டது. நான்கு வரி. சுட்டிக்காட்டியதற்கு நன்றி. அக்டோபரில் வரும் அடுத்த பதிப்பில் திருத்தப்படும். அதுவரை நடப்பில் உள்ள விடைகளே செல்லும். முடிந்த வாரங்களின் மதிப்பெண் மறுபரிசீலனை செய்யப்படாது.

ஷோபனாவைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்குப் பதிலே இல்லை.

கிஷோரைக் கேட்டேன். "கோல்டு தப்புன்னு வெளியே ஒத்துக்கிட்டா, கிளையண்ட் 'ஏழு வருஷ ஸ்கோரையும் திற'ம்பான் மேம். எத்தனை பேரு ரிலீஸ் ஆகியிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது. ஷோபனாக்கா வேணும்னா புதுசா அப்ளை பண்ணட்டும். ஆனா ரிலீஸ் ஆனவங்களை ஒரு வருஷத்துக்கு எடுக்க மாட்டாங்க."

எத்தனை பேர்? ஒருத்தியைப் பற்றி மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு வருடம். எப்போதிருந்து அது கோல்டாக இருக்கிறது? யாரைக் கேட்பது, கேட்டு என்ன செய்வது?


ஜூலை 6, ஞாயிறு

கோவில்பதாகைக்குப் போனேன்.

வாசலில் தாயம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "யாரு, ஆபீஸ் அம்மாவா? வா வா. உள்ளதான் கீறா. வேலைய உட்டுட்டு வந்ததுலேர்ந்து மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீறா. பேசினாதானே அவளுக்குச் சோறு எறங்கும், இப்போ அதுவும் இல்ல." அனுப்பிவிட வேண்டும் என்று ஷோபனா சொன்னது இவரையாக இருக்காது என்று தோன்றியது.

ஷோபனா நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், எதிரே நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். லித்தியமும் பெரிலியமும் கோல்டு என்பதை, எழுதியது நான் என்பதை, எக்செல்லை, அக்டோபரை.

முதலில் அவள் கேட்டது ஒன்றுதான். "அப்போ நான் கரெக்டா?"

"நூத்துக்கு நூறு."

உள்ளே திரும்பி, "கேட்டீங்களா, நான் கரெக்டாம்!" என்று கத்தினாள். டிவி சத்தம் குறைந்தது. அவள் வீட்டுக்காரர் விஷ்ணுவின் குரல் மட்டும் வந்தது: "கரெக்டா இருந்தா இன்னாத்துக்குத் தூக்கினாங்க?" டிவி சத்தம் திரும்பவும் ஏறியது.

ஷோபனா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "எழுதினதை உடுங்கக்கா. எல்லாருக்கும் கை தவறும். உங்களுக்கு எப்போ தெரிஞ்சிது?"

"பதினேழாம் தேதி."

"அப்பறமும் அது வந்துதா?"

"வாரா வாரம் வரும்."

"நீங்க இன்னா போட்டீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். தரையில் சிமெண்ட் விரிசல் ஒன்று சுவர் வரைக்கும் போயிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரின்னு போட்டுகினு வந்துட்டு, என்னாண்ட வந்து தப்புன்னு சொல்றீங்க" என்றாள். கோபமே இல்லை. கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "இன்னாத்துக்குக்கா வந்தீங்க?"

காபி கொடுத்தாள். குடித்தேன். தாயம்மா ஒரு பையில் முருங்கைக்காய் போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.


ஜூலை 7, திங்கள்

லித்தியம் காலையிலேயே வந்துவிட்டது. தவறு.


ஜூலை 9, புதன்

பெரிலியம். தவறு.

இதனால் ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் வேலை திரும்பாது. விடை மாறாது. அங்கே எந்தப் பிள்ளையும் இதை அறியப்போவதில்லை. பிறகு ஏன்? தெரியல. கேள்விக்குப் பதில் கேட்கிறார்கள், பதில் சொல்கிறேன்.


ஜூலை 11, வெள்ளி

96.


ஜூலை 16, புதன்

கிஷோர் டீ வாங்கிக்கொண்டு வந்தான், எனக்கும் சேர்த்து. இதுவரை செய்ததில்லை.

"மேம், உங்க ஸ்கோர் பார்த்தேன். நீங்க வேணும்னே பண்றீங்க."

"லித்தியத்துக்கு மொத்தம் எத்தனை, கிஷோர்?"

"மூணு மேம். மூணுதான். நான்தான் எண்ணினேனே. அக்டோபர் வரைக்கும் எட்டுன்னு வெச்சுக்கோங்க, என்ன கெட்டுப்போச்சு? சிஸ்டம் ஆளைப் பார்க்காது. மூணாவது வாரம் லெட்டர் தானா வந்துடும். உங்களுக்கு நான் வந்து நின்னு சொல்ற மாதிரி பண்ணாதீங்க, ப்ளீஸ்."

உண்மையாகவே கெஞ்சினான். யாரையாவது குற்றம் சொல்லலாம் என்று தேடிப்பார்த்தால் ஒவ்வொரு முறையும் 2018-இல் எக்செல்லின் முன் உட்கார்ந்திருக்கும் என்னிடமே வந்து நிற்கிறது.


ஜூலை 18, வெள்ளி

96. வீட்டில் சொல்லிவிட்டேன். "உன் இஷ்டம்" என்றார். சாப்பிடும்போது, "கேஜ் தப்புன்னு தெரிஞ்சும் ரெண்டு மாசம் அதுலயே பார்த்தவன்தான் நானும். புதுசு வர்ற வரைக்கும் லைன் நிக்கக்கூடாதுன்னாங்க" என்றார். இத்தனை வருடத்தில் என்னிடம் இதைச் சொன்னதில்லை.


ஜூலை 22, செவ்வாய்

லித்தியம், பெரிலியம் இரண்டும் இன்றே வந்துவிட்டன. தவறு, தவறு.


ஜூலை 25, வெள்ளி

96.

கிஷோர் வரவில்லை, கடிதம் மட்டும் வந்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அடையாள அட்டையைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். ஷோபனாவிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சொன்னால் அவளுக்காகச் செய்தது என்றாகிவிடும், அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லவேண்டி வரும்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது எத்திராஜ் சார் பின்னால் வந்தார். ஷோபனாவின் இருக்கைக்கு இந்த மாத நடுவில்தான் வந்தவர். அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவிக்கு உடம்பு சரியில்லை, வேலைக்கு வரும் வயதில்லை என்று முதல் நாளே சொன்னார். இரண்டு வாரமாக அவருக்கும் 96.

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. லித்தியம்னு ஒண்ணு வருது பாருங்க, எட்டுன்னு. பெரிலியமும் அப்படித்தான். நான் தவறுன்னு போட்டுக்கிட்டிருக்கேன். பசங்களுக்கு அப்படித்தான் நடத்தினேன். நீங்க ரொம்ப வருஷமா இருக்கீங்க. அதுக்கு என்னதான் போடறது?"

லிஃப்ட் வந்து திறந்தது.

"அக்டோபர் வரைக்கும் சரின்னு போடுங்க சார்" என்றேன்.

சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார், பேனாவைத் திறந்தார், "சரி" என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார்.